சிலுவை ஏறாத கட்டடம்

எங்கள் ஊர் பச்சூகாவில் காற்றுதான் எல்லாருக்கும் முன்பாக வேலைக்கு வரும். விடியற்காலை ஐந்தரைக்கே மலைச்சரிவிலிருந்து இறங்கி, சிமென்ட் மூட்டைகளின் வாயைப் பிரித்து, எங்கள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாடிக் கட்டடத்தின் அடியில், தெருவிளக்கு வெளிச்சத்தில், மணலை வட்டமாகக் குவித்து நடுவே குழி பறிப்போம். சிமென்டைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் புரட்டுவோம். கலவை இயந்திரம் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. சுண்ணாம்பு தின்று வெடித்த விரல்களில் ஈரம் ஏறினால் முதல் பத்து நிமிடம் எரியும். அப்புறம் ஒன்றும் தெரியாது. கம்பெனியின் வருகைப் பதிவில் வேலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. ஏழு மணிக்குக் கொத்தனார் கையில் கலவை இருக்க வேண்டுமானால் ஆறு மணிக்கு யாராவது புரட்டியாக வேண்டும். அதை யாரும் எழுதிவைத்ததில்லை.

நான் நசாரியோ. கொத்தனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிப்பவன்.

கலவை புரட்டும் முறை தன்னுடையதாக இல்லாத நாளிலும் அந்த ஆறு மணிக்கு வந்துவிடுகிற ஒருவன் எங்களில் இருந்தான். அபுந்தியோ. என் மகளுக்கு ஞானத்தந்தை அவன். ஆகவே அவனும் நானும் ஒருவரையொருவர் ஞான உறவுமுறையில் கும்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்; அவன் மனைவி எலோதியாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். வந்தவுடன் அவன் சாரத்தைச் சுற்றத் தொடங்குவான். ஒவ்வொரு பலகையையும் குதிகாலால் இரண்டு முறை உதைப்பான். ஒவ்வொரு கம்பி முடிச்சையும் இழுத்துப் பார்ப்பான். குழாய்களைப் பிடித்து உலுக்குவான். சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பிடிகளில் பாதியை இன்ஜினியர் வேறொரு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த இடங்களில் நாங்கள் கட்டுக்கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

"வந்துட்டா மாமியா!" என்று கீழேயிருந்து கத்துவான் மெல்கியாதெஸ். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "அடுப்பு தொடச்சிருக்கா, பானை கழுவியிருக்கா, எல்லாம் நல்லா பாத்துக்க மாமியா!"

"நீ ஏறுற பலகைய மட்டும் பாக்காம விட்டுடுறேன்டா" என்பான் அபுந்தியோ. விட்டதில்லை. அதில்தான் முதலில் கால் வைப்பான்.

யாரும் அவனை அந்த வேலைக்கு வைக்கவில்லை. கேட்டால், "சீக்கிரமே முழிப்பு வந்துடுது கும்பாத்ரே, வேற என்ன பண்றது" என்பான்.

அந்த வியாழக்கிழமை காலை நான் ஐந்தாம் மாடிக்குச் செங்கல் ஏற்றி வைத்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது மூலையில் ஒரு முடிச்சு தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கடந்து வந்துவிட்டேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். சாரத்தில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார். ஆண்டவர் எனக்கு இரண்டு கைகள் கொடுத்திருந்தார், முடிச்சை இறுக்க ஒரு நிமிடம் போதும். அதை நான் அப்போது நினைக்கவில்லை.

ஆறு ஐம்பதுக்கு அபுந்தியோ அந்த மூலைப் பலகையை உதைத்தான். முதல் உதையின் சத்தம் கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை. நனைந்த மூட்டை விழுவதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவன் மணல் குவியலுக்கு ஓரடி தள்ளிக் கிடந்தான். ஓரடி இந்தப் பக்கம் என்றால் மணலில் விழுந்திருப்பான். கண் திறந்திருந்தது. "கும்பாத்ரே, காலு எங்க இருக்கு?" என்று கேட்டான். கால்கள் அவனோடுதான் இருந்தன.

ஆம்புலன்ஸ் போனதும் நாங்கள் வேலைக்குத் திரும்பினோம். கலவை புரட்டியாகிவிட்டது, இறுகிவிடும். ஒன்பது மணிக்குச் சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை எரித்து, தகரத்தின் மேல் தொர்த்தியா ரொட்டியைச் சூடாக்கி, பச்சை மிளகாய் கடித்துத் தின்றோம். எனக்கு மிளகாய் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. கை தானாகச் செங்கல் எடுத்தது, தானாகக் கலவை பூசியது. அன்றைக்கு நான் கட்டிய சுவர் தூக்குக்குண்டுக்கு நூல் பிசகாமல் நின்றது. அதை நினைத்தால் இப்போதும் என்னவோ போல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படித்தேன். முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் எலோதியா நின்றிருந்தாள். மூன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கிய முகம். கையில் ஒரு துணிமூட்டையும் நாலாய் மடித்த ஒரு தாளும்.

"இனிமே நடக்கமாட்டாருன்னு சொல்றாங்க கும்பாத்ரே. இல்ல, பாக்கலாம்ங்கிறாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள். "வேலையில அடிபட்டதுன்னு கம்பெனி ஒரு கடுதாசி குடுத்தாத்தான் மேற்கொண்டு வைத்தியமாம். நேத்து ஆபீசுக்குப் போனேன். முடியாதுன்னுட்டாங்க. இந்தப் பேப்பரைக் குடுத்து அனுப்புனாங்க. எனக்கு வாசிக்க வராது. கீழ இருக்கற கையெழுத்து மட்டும் தெரியுது. ஞானஸ்நானப் பத்திரத்துல பாத்த கையெழுத்து. உங்களுதுதானே?"

என்னுடையதுதான்.

"படிச்சுச் சொல்லுங்க."

நான் படித்தேன். பூசையில் படித்த அதே குரலில்தான் வந்தது, வேறு குரல் என்னிடம் இல்லை. பாதுகாப்புக் குழுவின் வாராந்தரப் படிவம். தொழிலாளர் பிரதிநிதி: நசாரியோ. இது ஊதியமற்ற தன்னார்வப் பொறுப்பு. மேற்படி பிரதிநிதி ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே, சாரம் முழுவதையும் சரிபார்த்தார். குறை ஒன்றுமில்லை.

அடியில் பேனாவால் கம்பெனி எழுதியிருந்தது: சாரம் உறுதியாக இருந்தது. தொழிலாளி வேலை நேரத்துக்கு முன்பு, யாரும் சொல்லாமல், தன் விருப்பத்தில் ஏறியிருக்கிறார். இது வேலையில் நேர்ந்த விபத்து ஆகாது.

இந்தத் தாள் எனக்கு நினைவு வந்தது. கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய முதல் நாள், இன்ஜினியர் பர்ராகான், நவம்பர்வரை வாரத்துக்கொன்றாகத் தேதி போட்ட ஒரு தாள்கட்டைத் தன் வண்டியின் பானெட்டில் வைத்து என்னைக் கூப்பிட்டார். "நசாரியோ, நீ கோயில்ல படிக்கிறவன், உன் கையெழுத்து அழகா இருக்கும். இன்ஷூரன்ஸுக்கு." தோளில் கை போட்டார். இன்ஜினியர் ஒருவர் என் தோளில் கை போட்டது அதுதான் முதல் முறை. காற்றில் பறக்காமல் தாள்களின் மேல் செங்கல் துண்டு வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் கையெழுத்துப் போட்டேன். வேதாகமத்தை ஊருக்கே படித்துக் காட்டுகிறவன் அதில் ஒரு வரி படிக்கவில்லை.

எலோதியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ நீங்க பாக்க வேண்டிய வேலையத்தான் அவர் பாத்துட்டிருந்தாரு" என்றாள், யோசித்து.

"ஆமா."

"அவருக்கு இந்தப் பேப்பர் தெரியுமா?"

"தெரியாது."

தாளை மடித்து என் கையிலேயே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா கும்பாத்ரே?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் துணிமூட்டையை அவிழ்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்திருந்த ரொட்டியில் இரண்டை எடுத்து, அவரைப் பருப்பை வைத்து மடித்து என்னிடம் நீட்டினாள். நின்றபடியே தின்றேன். அதற்கும் ருசி தெரியவில்லை. ஆனால் இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை மே மூன்று, திருச்சிலுவை நாள். கொத்தனார்களின் நாள். கட்டடத்தின் உச்சியில் சிலுவை நடுவோம். மந்திரித்த சிலுவை ஏறி நின்ற பிறகுதான் மேற்கொண்டு வேலை. அந்த நாளிலிருந்து அது ஏறாமல் எந்தக் கொத்தனாரும் சாரத்தில் கால் வைக்கமாட்டான். கடன்பட்டவன் வைக்கமாட்டான், குடிகாரன் வைக்கமாட்டான், கடவுள் இல்லை என்கிறவனும் வைக்கமாட்டான். அன்று முதலாளி சார்பில் விருந்து.

திங்களும் செவ்வாயும் ரொட்டி சூடாக்கும் தகரத்தைச் சுற்றி நாங்கள் பேசினோம். பதினொரு பேர். நான் தாளைப் படித்துக் காட்டினேன். "அட, பன்னி மேய்க்கிற பயலே" என்றான் ரேடியோ. அவ்வளவுதான் சொன்னான். பிறகு, "நீ மட்டுமா? நாங்களும்தான் அவனை மாமியான்னு சிரிச்சோம்" என்றான். மேஸ்திரி ஹிலாரியோ மட்டும் நெருப்பைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். அடுத்த கட்டடத்திலும் அவருக்கு வேலை தருவதாக இன்ஜினியர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஏழு மணிக்கு முன்னால பண்றது வேலை இல்லைன்னா, அப்போ கலவை?" என்றார் கடைசியில், நெருப்பைப் பார்த்தபடியே. "அது தானா புரண்டுக்குதா?"

புதன்கிழமை காலை ஆறு மணிப் பூசையில் சிலுவையை மந்திரித்து வாங்கிக்கொண்டு வந்தோம். சென்ட்ரிங் பலகையில் செய்து, காகிதப் பூ சுற்றிய சிலுவை. அபுந்தியோ விழுந்த இடத்தில், மணல் குவியலுக்கு ஓரடி தள்ளி, குழி தோண்டி நட்டோம்.

பத்து மணிக்கு இன்ஜினியர் வந்தார். பின்னாலேயே ஒரு சிறிய லாரி. கற்றாழை மடலில் மூடிச் சுட்ட ஆட்டுக்கறி, பீர்ப் பெட்டிகள், கித்தார் வைத்திருந்த மூன்று பாட்டுக்காரர்கள்.

"என்னப்பா, சிலுவை கீழயே நிக்குது? காத்துக்குப் பயந்துடுச்சா?"

"ஏத்தல சார்" என்றேன்.

"ஏன்?"

"பெத்த புள்ளைய ஏத்த பயப்படுற சாரத்துல ஆண்டவரை எப்படி சார் ஏத்துறது?"

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். "ஹிலாரியோ, என்ன நாடகம் இது?"

மேஸ்திரி தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். "நசாரியோ பேசட்டும் சார்."

நான் தாளை எடுத்தேன். தைரியம் என்று சொல்லமாட்டேன், அந்த வாரம் முழுக்க எனக்குள் எதுவும் அசையவில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை படித்தேன்.

"இதுல இருக்கறது என் கையெழுத்து. எழுதியிருக்கறது பொய். நான் ஒரு நாள்கூட சாரத்தைப் பாத்ததில்ல. அடுத்த திங்கக்கிழமைக்கும் பாத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். நவம்பர் மாசம் வரைக்கும் பாத்து முடிச்சாச்சு."

பாட்டுக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பாக்கல. ஆனா ஒருத்தன் தினமும் பாத்தான். உங்க பேப்பர்ல இருக்கற வேலைய, உங்க பேப்பர்ல இருக்கற நேரத்துல. சம்பளம் இல்லாம, சொல்ல ஆளில்லாம. அப்போ அபுந்தியோ வேலையிலதான் இருந்தான் சார். அதை நீங்க எழுதிக் குடுக்கணும். கழட்டிட்டுப் போன இரும்புப் பிடிய எல்லாம் திரும்ப மாட்டணும். அதுவரைக்கும் சிலுவை ஏறாது. சிலுவை ஏறாம நாங்களும் ஏறமாட்டோம்."

இன்ஜினியர் பர்ராகான் கெட்டவர் போலத் தோன்றமாட்டார். மெதுவாகத்தான் பேசுவார். "நசாரியோ, பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு இத்தனை பேர் முன்னால சொல்ற. நான் எழுதிக் குடுத்தா மாட்டப்போறது யாருன்னு யோசிச்சியா? நீதான். உனக்கு ஒரு பொண்ணு இருக்கா."

"இருக்கா சார். அவளுக்கு ஞானத்தகப்பன் ஆஸ்பத்திரியில இருக்கான்."

"சரி. நீ ஜெயிலுக்குப் போ. அப்புறம் இந்தச் சம்பளமில்லாத உத்தியோகத்தை யார் பாக்கறதாம்?"

அப்போது ரேடியோ முன்னால் வந்தான். "நான் பாக்கறேன் சார். ஒண்ணாம் மாடி. எனக்கு உசரம்னா பயம்."

"ரெண்டாம் மாடி நான்" என்றான் கம்பி கட்டுகிறவன். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். மேஸ்திரி ஹிலாரியோ காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கீழே கிடந்த ஒரு பலகையைத் திருப்பிப் போட்டு, மண்டியிட்டு, ஒன்று முதல் ஆறுவரை எழுதினார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பெயர்கள். ஐந்துக்கு எதிரே என் பெயர். ஆறுக்கு எதிரே தன் பெயரை எழுதியபோது அவருடைய பென்சில் ஒருமுறை நின்றது. பிறகு எழுதிவிட்டார்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு போட்டியா?" என்றார் இன்ஜினியர்.

"நீங்க குடுக்கற சம்பளத்துக்கே வேலைக்கு வர்றோமே சார்" என்றான் ரேடியோ.

இன்ஜினியரின் முகம் மாறியது. "நாளைக்குக் காலையில துலான்சிங்கோவுலேர்ந்து வேற ஆளுங்க வருவாங்க. அங்க வேலை இல்லாம நூறு பேர் நிக்கறான். நீங்க சிலுவைக்குக் காவல் இருங்க." லாரிப் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போ."

"கறியையாவது விட்டுட்டுப் போங்க சார். ஆடு எங்ககூட சண்டை போடலையே!" என்றான் ரேடியோ.

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியரின் வண்டி போயிற்று. லாரிக்காரர் வண்டியைக் கிளப்பத் தாமதித்தார். பிறகு இறங்கி, மடலில் சுற்றிய ஒரு பொட்டலத்தைச் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஆஸ்பத்திரியில இருக்கறவருக்கு" என்றார். "நான் மறந்து வச்சுட்டேன்னு சொல்லிக்கறேன்." அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் வந்தோம். எங்களுக்கு வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் பலகையில் பெயர் இருக்கிறது. படிக்கட்டு வழியாக ஏறி, உள்ளேயிருந்து சன்னல் சன்னலாக எட்டி, அவரவர் மாடியின் சாரத்தைப் பார்த்தோம். பிடி இல்லாத இடத்தில், முடிச்சு தளர்ந்த இடத்தில், ஒரு சிவப்புத் துணியைக் கட்டினோம். எலோதியா தன் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்துக் கொடுத்திருந்தாள். அதில் பூப்போட்டிருந்தது. இறங்கி வந்து எண்ணினால் முப்பத்தொன்று. காற்றில் கட்டடம் முழுக்கத் துணிகள் படபடத்தன. ஏதோ திருவிழாவுக்குத் தோரணம் கட்டியதுபோல. இத்தனை நாள் இதில்தான் ஏறி இறங்கியிருக்கிறோம்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாரி வந்தது. பதினான்கு பேர். தலையில் வைக்கோல் தொப்பி, கையில் சாந்துக்கரண்டி வைத்த பை. எங்களைப் போலவே செருப்பு, எங்களைப் போலவே சிமென்ட் ஏறிய நகக்கண். இன்ஜினியர் முன் இருக்கையிலிருந்து இறங்காமல் கையைக் காட்டினார். "அதோ சாரம். ஏறுங்க."

நாங்கள் வழிமறிக்கவில்லை. வாசலில் ஒதுங்கி நின்றோம். ரேடியோவின் கை மண்வெட்டியைப் பிடித்திருந்தது. மேஸ்திரி அதை மெல்ல வாங்கிச் சுவரில் சாத்தினார்.

முதலில் இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். நடந்து வந்தவர் சிலுவையைப் பார்த்ததும் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள்.

"நேத்து மே மூணு" என்றார் எங்களிடம். "சிலுவை ஏன் கீழ இருக்கு?"

நான் சொன்னேன். அபுந்தியோ விழுந்ததை, எங்கே விழுந்தான் என்பதை, என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தான் என்பதை. என் கையெழுத்தையும் சொன்னேன். அதை விட்டுச் சொல்ல வழியில்லை.

அவர் என்னை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. சாரத்திடம் போனார். அடிப்பலகையைக் குதிகாலால் இரண்டு முறை உதைத்தார். அபுந்தியோவின் அதே உதை. ஒரு கம்பி முடிச்சை இழுத்தார். அது அவர் கையோடு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து சிலுவையின் அடியில் வைத்தார்.

"என்னய்யா வேடிக்கை? மணி ஏழாகுது!" என்று வண்டியிலிருந்து குரல் வந்தது.

"சிலுவை ஏறலையே சார்" என்றார் அவர், மிகவும் மரியாதையாக. "எங்க ஊர்லயும் அதுக்கப்புறம்தான் ஏறுவோம்."

கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் மணல் மேல் உட்கார்ந்தான். பிறகு இன்னொருவன். மூன்று பேர் லாரியிலேயே இருந்தார்கள். அவர்கள் வீட்டில் என்ன நிலைமையோ, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இன்ஜினியர் யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார்.

விடியலிலேயே எங்களோடு வந்திருந்த எலோதியா தகரத்தில் ரொட்டி போட்டாள். பதினொரு பேருக்கென்று பிசைந்த மாவு. எல்லாருக்கும் அரை அரையாகக் கிழித்துக் கொடுத்தாள். லாரியில் இருந்த மூன்று பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் மிளகாயைக் கடித்தேன். இன்னும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அபுந்தியோவுக்குக் கால் இன்னும் தெரியவில்லை. கடிதம் வரவில்லை. இரும்புப் பிடிகள் வரவில்லை. நாளைக்கு யார் வருவார்கள், போலீஸா, வேறொரு லாரியா, தெரியாது.

ஏழு மணி தாண்டிவிட்டது. யாரும் ஏறவில்லை.

துலான்சிங்கோப் பெரியவர் ரொட்டியைத் தின்று முடித்து, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நான்காம் மாடியின் வடக்கு மூலையைக் காட்டினார்.

"அதை நீங்க பாக்கல" என்றார். "பலகை குழாயை விட்டு வெளிய வந்திருக்கு. இன்னொரு துணி இருக்கா தம்பி?"

துணி தீர்ந்திருந்தது. என் கழுத்தில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தார். வழி காட்ட நானும் எழுந்து பின்னால் போனேன்.